நான்கு விநாடிகளுக்கு ஓர் ஆட்சேபணை

ஜூன் 4

அன்புள்ள வானொலிக்கு,

நலம் விசாரித்துவிட்டுத் தொடங்குவதுதான் முறை. அந்த முறையை இக்கடிதத்தின் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். முதலில் என் குறைகள், தேதி வாரியாக:

1. ஏப்ரல் 12: இரண்டு மடிக்கணினிகளின் விவரத்தாள்களை அனுப்பி என் கருத்தைக் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் ஒரே திரை, ஒரே நினைவகம், ஒரே எடை. ப்ராசஸர் மட்டும் வேறு. அந்த ஒரு வேற்றுமைக்காக உன் ஒன்றரை மாதச் சம்பளம் கூடுதலாகப் போகும். எதற்காக வாங்குகிறாய் என்ற என் வழக்கமான கேள்விக்கு நீ எழுதிய விடை: “கடிதம், கணக்கு, கொஞ்சம் பேச்சு.”

2. ஏப்ரல் 20: மூன்று பக்கங்களில் பதில் எழுதினேன். பிறர் வாங்கக் கேட்கும் பொருள்களில் தேவைக்கு மிஞ்சியதைக் கண்டுபிடித்து வெட்டுவதற்குத்தான் எனக்கு அலுவலகத்தில் சம்பளம் தருகிறார்கள். கூடுதல் விலையைப் பயன்படுத்தப்போகும் ஆண்டுகளால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்றும், ஆண்டுக்கு வரும் தொகையை அந்தப் பயன் தாங்குகிறதா என்று பிறகு கேட்க வேண்டும் என்றும் விளக்கியிருந்தேன். கடிதமும் கணக்கும் எழுத இந்த ப்ராசஸர் தேவையில்லை என்று முடித்திருந்தேன்.

3. மே 3: அரைத்தாளில் ஒரே வரி அனுப்பினாய். “மறுபரிசீலனை செய்ய முடியுமா அண்ணா?” காரணம் எதுவும் சொல்லவில்லை. காரணமில்லாத மறுபரிசீலனையை நான் அமைச்சருக்கே செய்ததில்லை.

4. மே 9 முதல் 23 வரை: பலமுறை தொலைபேசியில் அழைத்தேன். நீ எடுக்கவில்லை. தவறான எண்ணுக்கு வந்த அழைப்பைக்கூட அரைமணி நேரம் பேசிவிட்டு வைப்பவள் நீ. உனக்கு வானொலி என்று நான் பெயர் வைத்ததே அதற்காகத்தான்.

5. மே 24: மாப்பிள்ளை எடுத்தார். “தூங்கறா மச்சான்” என்றார். அப்போது மாலை ஐந்து மணி. தொட்டிலில் கிடந்த காலத்திலேயே நீ பகலில் தூங்கியதில்லை. அதற்கு நான் சாட்சி.

6. மே 30: உன் அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். நீ மூன்று வரிக் குறுஞ்செய்தி அனுப்பினாய். அழைத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி உன்னை மன்னித்துவிட்டாள். நான் மன்னிக்கவில்லை.

இந்தக் குடும்பத்தில் தையல் இயந்திரம் முதல் தண்ணீர்த் தொட்டி வரை என்னிடம் எழுதிக் கேட்காமல் எவரும் எதையும் வாங்கியதில்லை. எழுதிக் கேட்பவர்கள் முழுமையாக எழுத வேண்டும் என்று மட்டும்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

இப்போது கேட்கிறேன். நலமா?

அண்ணன்


ஜூன் 15

ஆட்சேபணை அண்ணனுக்கு,

வானொலியின் வணக்கம். நாங்கள் இருவரும் சௌக்கியம். அண்ணி கையில் கட்டோடு கரண்டி பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு மாதம் நீங்கள் சமையுங்கள். வெந்ததா இல்லையா என்று எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் போனில் படம் பிடித்து வாசிக்க வைத்தேன். அது வாசிக்க வாசிக்க, உங்கள் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். “உங்க அண்ணன் கோவத்துலகூட கமா போட மறக்கலடி. எழுத்துல அவருக்கு இருக்கற கண்ணு எனக்கிருந்தா நான் நீதிபதியாயிருப்பேன்” என்றார். கண் தெரியாத மனிதர் கோர்ட்டு ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து, இப்போது எல்லாரையும் நீதிபதிகள் மாதிரிதான் எடை போடுகிறார்.

பருவம் மாறியதில் தொண்டை கட்டிக்கொண்டது. அதனால்தான் போன் எடுக்கவில்லை. வேறொன்றுமில்லை.

நீங்கள் சொன்னபடியே விலை குறைந்த லேப்டாப்பைப் போன வாரம் வாங்கிவிட்டேன். ப்ராசஸரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாமா என்று கடைக்காரரைக் கேட்டேன். “அதெல்லாம் பழைய காலங்க. இப்ப போர்டோட ஒட்டியே வருது. எடுத்ததோட வாழ்ந்துக்க வேண்டியதுதான், கல்யாணம் மாதிரி” என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எல்லா வேலையும் நன்றாகச் செய்கிறது. ஒரே ஒரு வேலையில் மட்டும் நான்கு விநாடி யோசிக்கிறது. நான்கு விநாடி அதிகமா அண்ணா?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால், பின்னால் அல்ல.

அன்புடன்,
தங்கை


ஜூன் 21

அன்புள்ள வானொலிக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு அப்படியில்லை என்று நினைக்கிறேன். நினைப்பதற்கான காரணங்கள் இவை.

நான்கு விநாடி அதிகமா என்று கேட்கிறாய். எந்த வேலைக்கு என்று சொல்லவில்லை. சம்பளப் பட்டியல் அச்சாவதற்கு நான்கு விநாடி என்றால் ஒன்றுமில்லை. நீ ஓட்டக் கற்றுக்கொடுக்கும் காரில் பிரேக் பிடிப்பதற்கு நான்கு விநாடி என்றால் உன் மாணவன் சுவருக்குள் இருப்பான். வேலையின் பெயரை எழுதாமல் கால அளவை மட்டும் எழுதுவது, என் அலுவலகத்தில், எதையோ மறைக்க நினைப்பவர்கள் செய்வது.

இரண்டாவது, மாப்பிள்ளைக்கு என் கடிதங்களை இருபது ஆண்டுகளாக நீதான் வாசித்துக் காட்டுவாய். என்னைப் போலவே குரலை மாற்றிக்கொண்டு வாசிப்பாய் என்று அவரே என்னிடம் புகார் சொல்லியிருக்கிறார். இம்முறை போன் வாசித்தது என்று எழுதியிருக்கிறாய்.

மூன்றாவது, தொண்டைக்கட்டு ஒன்றரை மாதம் நீடிக்காது.

நான்காவது, நேற்று உன் ஓட்டுநர் பள்ளியை அழைத்தேன். வரவேற்பறைப் பெண் எடுத்தாள். “மேடம் ஏப்ரல்லேர்ந்து லீவுல இருக்காங்களே சார். நீங்க கூடப்பிறந்த அண்ணன்தானே, உங்களுக்குத் தெரியாதா?” என்றாள். முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம், “தெரியாது” என்று சொல்லும் நிலையில் என்னை வைத்திருக்கிறாய்.

உனக்கு என்ன?

அண்ணன்


ஜூலை 6

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு வாரங்களாகப் பதில் இல்லை. இம்முறை என்னிடம் பட்டியல் எதுவும் இல்லை.

எதுவானாலும் எழுது. முழுமையாக எழுத வேண்டும் என்று போன மாதம் நான் விதித்த நிபந்தனையைத் திரும்பப் பெறுகிறேன். அரைத்தாள் போதும்.

அண்ணிக்குக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். உன்னை விசாரிக்கிறாள்.

அண்ணன்


ஜூலை 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் கை சரியானது அறிந்து மகிழ்ச்சி. நான் நலமாக இல்லை.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவதை மூச்சை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

ஜனவரியிலேயே உங்கள் மாப்பிள்ளை சொன்னார். “உன் குரல்ல ஏதோ மணல் விழுந்திருக்குடி. போய்க் காட்டு.” நான் போகவில்லை. மார்ச்சில் போனேன். குரல்வளையில் கட்டி. வெறும் கட்டியாக இருந்தால் இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்திருக்க மாட்டேன். கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தும் அடங்கவில்லை. செப்டம்பர் ஒன்பதாம் தேதி ஆபரேஷன். குரல்வளையை முழுசாக எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுவேன். பேச மாட்டேன். இப்போதே பேசக் கூடாது என்று உத்தரவு. அதனால்தான் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் குரலைக் கேட்ட முதல் விநாடியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

லேப்டாப் அதற்குத்தான். பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா ஒரு ப்ரோக்ராம் தந்திருக்கிறார். இருக்கிற குரலை இப்போதே பதிவு செய்து கொடுத்துவிட்டால், பிறகு நான் தட்டச்சு செய்வதை அது என் குரலிலேயே பேசும். கொஞ்சம் பதிவு செய்தாலே பேசத் தொடங்கிவிடுகிறது, கரகரப்பையும் வடிகட்டிவிடுகிறது. என் குரலை உண்டாக்க அது நிறையக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. நான் வாங்கியதில் நான்கு விநாடி ஆகிறது. விலை கூடினதில் ஒரு விநாடிகூட ஆகவில்லை. கடையிலேயே போட்டுப் பார்த்தேன்.

ரெடிமேட் குரல் ஒன்று இருக்கிறது. அது உடனே பேசும். ஆனால் உங்கள் மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் நாள் முழுக்க அவருக்கு வாசித்துக் காட்டுவதும் அதே குரல்தான். அந்தக் குரலில் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஏதோ மெயில் வந்திருக்கிறது என்று நினைத்து அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்.

“கொஞ்சம் பேச்சு” என்று எழுதினேனே, அது பொய் இல்லை அண்ணா.

முழுசாக ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதியிருந்தால் நீங்கள் உடனே சரி என்று சொல்லியிருப்பீர்கள். ஆட்சேபணை இல்லாமல் நீங்கள் ஒன்றுக்குச் சரி சொன்னால், நான் சாகப்போகிறேன் என்று எனக்கு உறுதியாகிவிடும். நீங்கள் மறுத்து மூன்று பக்கம் எழுதியபோது அன்றைக்கு முழுக்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

வித்தியாசத்தைக் கட்டினால் ஜூலை 31 வரை மாற்றித் தருவதாகக் கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


ஜூலை 16

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணியும் படித்தாள்.

என் நிலைப்பாடு பின்வருமாறு. நீ உண்மையை மறைத்துக் கருத்துக் கேட்டாய். மறைத்தது போக மிஞ்சியதன் மேல் நான் கருத்துச் சொன்னேன். எனவே ஏப்ரல் 20-ஆம் தேதிய என் மூன்று பக்கங்களும் செல்லாது. அவற்றைக் கிழித்துப் போடு. வேலையின் பெயர் “கொஞ்சம் பேச்சு” அன்று. கண் தெரியாத ஒருவரும் குரல் இல்லாத ஒருவரும் ஒரே வீட்டில் குடியிருப்பது என்பது அதன் பெயர்.

நான்கு விநாடியைச் சோதித்துப் பார்த்தேன். நான் எதைக் கேட்டாலும் நான்கு விநாடி கழித்தே பதில் சொல்ல வேண்டும் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, இருவரும் கண்ணை மூடிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தோம். “மருந்து சாப்பிட்டாயா?” என்று கேட்டேன். சத்தமே இல்லை. பிறகு அவள், “போதுங்க, இந்த விளையாட்டு வேணாம். நீங்க கேட்டுட்டு சும்மா இருக்கறது எனக்கே பயமா இருக்கு” என்று எழுந்து போய்விட்டாள். பதில் சொல்ல வேண்டியவளுக்கே பயம் என்றால், கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவனைப் பற்றி எழுதத் தேவையில்லை.

கடைக்குப் போ. மாற்று. இது கருத்து அன்று. கட்டளை.

ஆகஸ்ட் முதல் வாரம் அங்கு வருகிறேன்.

ஜனவரியில் மாப்பிள்ளை சொன்னபோது நீ போகாமலிருந்த இரண்டு மாதங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இக்கடிதம் தபாலில் போகும் நிலையில் இருக்காது. எனவே நிறுத்துகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 2

ஆட்சேபணை அண்ணனுக்கு,

நலம். அண்ணியைக் கண்ணை மூடச் சொல்லிச் சோதனை செய்யும் வேலையெல்லாம் வேண்டாம். பாவம் அவர்.

மீதிப் பதிவு வேலை நடக்கிறது. ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம்தான் பேச அனுமதி. அதற்குள் நிறைய வாக்கியங்களைத் தெளிவாக வாசிக்க வேண்டும். எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றார் டாக்டரம்மா. வீட்டில் நீளமான, திருத்தமான வாக்கியங்கள் எங்கே இருக்கின்றன? உங்கள் கடிதங்களில்தான். கிழிக்கச் சொன்னீர்களே, அந்த மூன்று பக்கத்தையும் வாசித்தாயிற்று. தண்ணீர்த் தொட்டி பற்றிய பழைய ஆட்சேபணையையும் வாசித்தேன். டாக்டரம்மா கேட்டுவிட்டு, “யாரும்மா இவரு, வக்கீலா?” என்றார். என் புதுக் குரல் முழுக்க உங்கள் ஆட்சேபணைகளால் ஆனது. உங்கள் மாப்பிள்ளை இப்போதே புலம்புகிறார். “காபி வேணுமான்னு கேட்டாகூட நோட்டீஸ் விட்ட மாதிரி இருக்குடி.”

நீங்கள் வர வேண்டாம். நீங்கள் வந்தால் நான் பேசுவேன். பேசக் கூடாது.

கடை விஷயம்: வேலை மும்முரத்தில் தேதி போய்விட்டது. மறந்தே போனேன். பரவாயில்லை, இதுவே போதும். நான்கு விநாடி பழகிவிடும்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


ஆகஸ்ட் 8

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டில் அக்காவும் நலம்தானே? இதைத் தங்கள் தங்கைக்குத் தெரியாமல் தட்டச்சு செய்கிறேன். அவள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள்.

அவள் மறக்கவில்லை. ஜூலை 31 காலையில் பெட்டியோடு கடைக்குப் போனாள். மதியம் அதே பெட்டியோடு திரும்பி வந்தாள். கைப்பிடி கிறீச்சிடும் சத்தத்தில் அதே பெட்டி என்று தெரிந்துகொண்டேன். “ஏன் மாத்தல?” என்று கேட்டேன். தட்டச்சு செய்தாள். நான்கு விநாடி கழித்து, “கணக்கு உதைக்குது” என்று அவள் குரல் சொன்னது.

எந்தக் கணக்கு என்று விடாமல் கேட்டேன். கூடுதல் விலையைப் பயன்படுத்தப்போகும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும் என்று தாங்கள் எழுதியிருந்தீர்களாம். எத்தனை ஆண்டு என்று டாக்டரைக் கேட்டிருக்கிறாள். அவர் ஆண்டு சொல்லவில்லை. “பாதிக்குப் பாதிம்மா. முதல் வருஷம் தாண்டிட்டா அப்புறம் பேசலாம்” என்றிருக்கிறார். அவள் ஒன்றால் வகுத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு வருஷத்துக்கு இவ்வளவு செலவை அண்ணன் ஒத்துக்க மாட்டார் என்று திரும்பிவிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு விநாடி பழகிவிடும் என்று அவள் எழுதியிருப்பாள். போன செவ்வாய் நான் சமையலறைக்குள் போனேன். பால் காய்ச்சிவிட்டு அப்போதுதான் அடுப்பை அணைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. மேடையைத் துடைக்கலாம் என்று கையை நீட்டினேன். அவள் கதவருகிலிருந்து மேசையைத் தட்டிவிட்டு லேப்டாப்பில் அடித்தாள். தட்டுவதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. என்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, “இரு வரேன்” என்று சொல்லிக்கொண்டே அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வைத்து, எடுத்து, கத்தி முடித்த பிறகு அவள் குரல் வந்தது. “அங்க தொடாதீங்க, சூடா இருக்கு.” அவளுடைய குரலேதான் மச்சான். பழைய குரல், மணல் விழாத குரல். அவ்வளவு நிதானமாகச் சொன்னது.

காயம் பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் என் பக்கத்திலேயே வருவதில்லை. நான் இருக்கும் அறையில் அவள் இருக்கிறாளா என்று தெரிய மூச்சுச் சத்தத்தைத் தேடுகிறேன். சில சமயம் மூச்சையும் அடக்கிக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன். என்னிடம் கண்ணீரை மறைக்க அவளுக்கு அது ஒன்றுதான் வழி.

நான் பயந்த சுபாவம் இல்லை. தாங்கள் அறிவீர்கள். இப்போது பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 13

அன்புள்ள தங்கைக்கு,

மாப்பிள்ளை எழுதியிருந்தார். அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. அவர் உள்ளங்கையில் மருந்து போடுகிறாரா என்று மட்டும் பார்.

உன் கணக்கைப் பரிசீலித்தேன். அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எழுத்தர்கள் செய்யும் பிழைகள்.

கூடுதல் விலையை வகுக்க வேண்டியது பொருளின் ஆயுளால். ஆளின் ஆயுளால் அன்று. மின்தூக்கி வாங்கும்போது அதில் ஏறப்போகும் கிழவர் எத்தனை நாள் இருப்பார் என்று எந்த அலுவலகமும் கேட்பதில்லை. கேட்கும் அலுவலகத்தை இழுத்து மூட வேண்டும்.

இரண்டாவது பிழை இதைவிட மோசமானது. பயனாளி யார் என்பதை நீ தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். பேசும் இயந்திரத்தின் பயனாளி பேசுபவர் அல்லர். கேட்பவர். என் குரல் எனக்கு எதற்கு என்று நீ சொல்லலாம். அது உன் உரிமை. அவருக்கு எதற்கு என்று தீர்மானிக்கும் உரிமை உனக்கு இல்லை. அவர் என்னிடம் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டார்.

ஆகவே விலை கூடிய இயந்திரத்தை நானே வாங்கி விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புதல் யாரிடமும் கேட்கவில்லை. இந்தக் குடும்பத்தில் எழுதிக் கேட்காமல் வாங்கப்பட்ட முதல் பொருள் இதுதான். திருப்பி அனுப்பினால் வாங்க மாட்டேன்.

நீ கேட்ட கேள்விக்கு என் பதில்: நான்கு விநாடி அதிகம்.

அண்ணன்


ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சௌக்கியம் என்று எழுதக் கை வருகிறது. அடித்துவிட்டு எழுதுகிறேன். அவர் உள்ளங்கை ஆறிவிட்டது. எனக்கு விழுங்க முடியவில்லை. கஞ்சிதான்.

பெட்டி வந்தது. மூன்று அடுக்கு அட்டை, ஒவ்வொரு மூலையிலும் உங்கள் கையெழுத்தில் “கவனம்”. அதையெல்லாம் பிரிக்கவே ஒரு பொழுது போனது.

குரலை ஏற்றி முடித்த அன்று அவர் வழக்கம்போல ஏதோ ஒரு வழக்கைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். நான் நடுவில், “அது போன மாசமே சொல்லிட்டீங்க” என்று தட்டச்சு செய்தேன். உடனே வந்துவிட்டது. அவர் வாக்கியம் முடியவே இல்லை, பாதியில் வெட்டிவிட்டது. “ஏய், குறுக்கப் பேசறியா நீ!” என்றார். திரும்ப ஆரம்பித்தார். திரும்ப வெட்டினேன். “பேசவிடுடி ராட்சசி” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபது வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக என்னைத் திட்டியதில்லை.

மேசையை ஒருமுறை தட்டினால் “நில்” என்று முடிவு செய்திருக்கிறோம். லேப்டாப் சமையலறை வரை வராதபோது அது.

அண்ணா, இப்போது உண்மையை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கழுத்தில் துளை போடுவதற்கு இல்லை. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் எண்ணச் சொல்வார்களே, அந்த எண்கள்தான் நான் வாயால் கடைசியாகச் சொல்லப்போவது. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் அவர் பெயரைச் சொன்னாலும் அவருக்குக் கேட்காது. இதை நினைத்தால், மதியம் மூன்று மணிக்கு, நல்ல வெயிலில், எழுந்து விளக்கைப் போட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் வராதீர்கள். அண்ணி செய்தி அனுப்பியிருந்தார்: “உங்க அண்ணன் போன் பக்கத்துலயே தட்டை வெச்சிக்கிட்டு சாப்பிடறாரு. பெட்டியைக் கட்டி வாசல்ல வெச்சிருக்காரு. கேட்டா அலமாரி சுத்தம் பண்றேங்கறாரு.” அந்தப் பெட்டியைப் பிரித்து உள்ளே வையுங்கள். நீங்கள் வந்து என் முன்னால் அமைதியாக, அன்பாக உட்கார்ந்தால் நான் நொறுங்கிப்போவேன். நீங்கள் தூரத்திலிருந்து திட்டினால்தான் எல்லாம் எப்போதும் போல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். எட்டாம் தேதி மாலை மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள். அன்றைக்குப் படிக்க ஒரு கடிதம் வேண்டும். ஆறுதல் எதுவும் வேண்டாம். ஒரு இடத்தில்கூடக் குரல் இறங்கக் கூடாது. அவருக்கு நானே வாசித்துக் காட்டுவேன், உங்கள் குரலில். அந்த ஒரு நாள் பேச அனுமதி வாங்கிவிட்டேன்.

உங்கள் வானொலி


செப்டம்பர் 3

அன்புள்ள வானொலிக்கு,

நலம். நலமா என்று இக்கடிதத்தில் நான் கேட்கப்போவதில்லை. அதற்கான விடையை வேறொரு தேதியில் பெற்றுக்கொள்கிறேன்.

என் கையெழுத்து சில நாள்களாகச் சரியில்லை என்று அண்ணி சொல்வதால் இதைத் தட்டச்சு செய்திருக்கிறேன். பேனாவின் கோளாறு.

நான் அனுப்பிய இயந்திரத்தின் உத்தரவாத அட்டையை நீ இன்னும் நிரப்பி அனுப்பவில்லை. மூன்று ஆண்டு உத்தரவாதத்தை யாரும் வேடிக்கைக்குத் தருவதில்லை. பழைய இயந்திரத்தை என்ன செய்தாய் என்றும் எழுதவில்லை. அது மாப்பிள்ளையின் வேலைக்குத் தாராளமாகப் போதும். அதைப் பரண் மேல் போட்டிருந்தால் அது அப்பட்டமான வீண் செலவு. அதற்கு நான் பொறுப்பேற்க மாட்டேன்.

உன் அறுவைச் சிகிச்சை நிபுணர் “பாதிக்குப் பாதி” என்று சொன்னதாக அறிகிறேன். எதில் பாதி, எத்தனை பேரில், எந்த ஆண்டுகளில் என்ற விவரம் எதுவும் இல்லை. இப்படி ஒரு மதிப்பீட்டை என் மேசைக்கு எவனாவது அனுப்பியிருந்தால் அன்றே திருப்பியனுப்பியிருப்பேன். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நீ மதியம் மூன்று மணிக்கு விளக்குப் போட்டுக்கொள்கிறாய். மின் கட்டணம் யார் கட்டுவது?

மயக்க மருந்தின்போது எண்களைத்தான் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இங்குள்ள மயக்க மருந்து நிபுணர் ஒருவரைப் பார்த்து விசாரித்துவிட்டேன். நோயாளி நினைவோடு இருக்கிறாரா என்று பார்ப்பதற்காகத்தான் எண்ணச் சொல்கிறார்கள், எதைச் சொன்னாலும் சரிதான் என்றார். மாப்பிள்ளை வெளியே பெஞ்சில் இருப்பதற்கும் அவசியம் இல்லை. மயக்கம் வரும் வரை துணைக்கு ஒருவரை உள்ளே விடச் சொல்லி எழுதிக் கேட்டால், பெரும்பாலும் விடுவார்கள். எழுதிக் கேட்பது எப்படி என்று இந்தக் குடும்பத்தில் உனக்கு நான் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தின் வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். வாசித்து முடித்த உடனே கொடு. மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எண்ண வேண்டாம். அவர் பெயரைச் சொல்.

வாசலில் இருந்த பெட்டி உள்ளே போகவில்லை. அது அலமாரியைச் சுத்தம் செய்தபோது எடுத்து வைத்தது. அங்கேயேதான் இருக்கும். நான் எப்போது வரலாம் என்று நீதான் சொல்ல வேண்டும். சொல்லாமல் வர மாட்டேன். சொன்ன அன்றே புறப்படுவேன்.

இக்கடிதத்திற்கான உன் பதில், இம்மாதம் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் என் கைக்கு எழுத்து மூலம் வந்து சேர வேண்டும். உன் கைப்பட எழுதியிருக்க வேண்டும். ஒரு வரியாயினும் ஏற்பேன். எழுத்து கோணலாக இருந்தால் ஏற்பேன். உன் பதிலுக்குப் பதிலாக வேறு எவருடைய கையெழுத்திலும் வரும் எந்தக் கடிதத்தையும், அதில் எந்தக் காரணம் சொல்லப்பட்டிருந்தாலும், நான் பிரிக்க மாட்டேன். கால நீட்டிப்புக் கிடையாது.

அண்ணன்